மண்வெட்டி பிடிக்கத் தேர்வு எழுதியவர்கள்: ஓர் இணையப் பாடத்தொடரின் மதிப்புரை

பெண்கள் வேளாண்மையையும் தோட்டக்கலையையும் முறையாகப் பயின்ற வரலாற்றைப் பன்னிரண்டு காணொளி உரைகளில் சொல்லும் கட்டணப் பாடத்தொடர் ஒன்றைப் பத்து வாரங்களில் பார்த்து முடித்தேன். ஒவ்வோர் உரையும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஓடுகிறது. ஒவ்வொன்றுடனும் பழைய புகைப்படங்கள் அடங்கிய ஒரு கோப்பும் சிறு வினாத்தாளும் தருகிறார்கள். நடுவில் ஒரே ஒரு செய்முறைப் பயிற்சியும் உண்டு. கீழே சில குறைகளைக் கடுமையாகவே சொல்லப் போவதால், நடத்தும் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் ஐந்து உரைகளும் எட்டாம் உரையும் கட்டணத்துக்கு முழுத் தகுதி உடையவை, மற்றவற்றில் சில, ஒருவர் பின் ஒருவராக வீராங்கனைகளை மேடையேற்றி மாலை போட்டு இறக்கிவிடும் பாராட்டுக் கூட்டங்களாகவே நடக்கின்றன.

தொடரின் மிகச் சிறந்த பகுதி முதல் உரை. அது கல்லூரியில் தொடங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெரிய மாளிகைத் தோட்டங்களில், மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டத்தின் வடக்குச் சுவரை ஒட்டிக் கட்டப்பட்ட ஓர் இருண்ட அறையில் தொடங்குகிறது. தோட்டத் தொழில் கற்க வந்த பையன்கள், பதினான்கு வயதை ஒட்டிய சிறுவர்கள், அங்கேதான் தங்கினார்கள். மண்தொட்டி கழுவுவதில் தொடங்கி, கண்ணாடிக் குடிலின் கொதிகலனுக்கு நள்ளிரவில் எழுந்து நிலக்கரி போடுவது, திராட்சைக் கொடியில் பிஞ்சுகளைக் கத்தரியால் நறுக்கிக் கலைப்பது, இரண்டோர் ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு மாளிகைக்கு மாறிப் புதிய தலைமைத் தோட்டக்காரரின் கீழ் வேலை கற்பது எனப் படிப்படியாக மேலேறுவதே அவர்களின் கல்வி. அதற்குப் பாடப்புத்தகமும் இல்லை, சான்றிதழும் இல்லை. முந்தைய முதலாளியின் ஒரு கடிதம் போதும். இந்தக் கல்வியின் வாசல் அந்தத் தங்கும் அறைதான். ஆண் பிள்ளைகள் கூட்டமாக உறங்கும் அந்த அறைக்குள் ஒரு பெண் நுழைய முடியாது என்பதால், தொழிலுக்குள்ளும் அவளால் நுழைய முடியவில்லை.

பெண்கள் தோட்டத்தில் இல்லாமலும் இல்லை என்பதை உரையாளர் அழுத்தமாகச் சொல்கிறார். களை எடுப்பதற்கு நாட்கூலிப் பெண்கள் மாளிகைத் தோட்டங்கள் அனைத்திலும் இருந்தார்கள்; அரசுத் தாவரவியல் தோட்டமான கியூவிலும் இருந்தார்கள். அவர்கள் குனிந்த முதுகோடு வந்து, குனிந்த முதுகோடு போனார்கள். எந்தச் செடிக்கு என்ன பெயர், ஏன் இந்தக் கிளையை வெட்டுகிறார்கள் என்று அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பெண்களுக்கு மறுக்கப்பட்டது தோட்ட வேலை அன்று, தோட்ட அறிவு என்று நான் இதைப் புரிந்துகொண்டேன். கைத்தொழில் வழியாக உள்ளே போக முடியாதவர்கள் தேர்வு வழியாக உள்ளே போக முயன்றார்கள். பெண்களுக்கான தோட்டக்கலைக் கல்லூரிகள் ஏன் அத்தனை ஆர்வத்தோடு தாவரவியலையும் மண் வேதியியலையும் கரும்பலகையில் எழுதின என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இந்த இடத்தில் ஒரு சிரிப்பான இடையூறு. தமிழில் துணைத் தலைப்புகள் உண்டு என்று விளம்பரத்தில் பெருமையாக அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அவை மனிதர் எவரும் படித்துப் பார்க்காத இயந்திர மொழிபெயர்ப்பு. மேற்சொன்ன தங்கும் அறைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர், காதில் ஏறக்குறைய ‘பாத்தி’ என்றே விழும். இயந்திரம் அதை அப்படியே எழுதிவிட்டதால், ‘இளம் தோட்டக்காரர்கள் பாத்தியில் உறங்கினார்கள், பாத்தியில் சமைத்தார்கள்’ என்று திரையில் ஓடியது. கத்தரி நாற்றுக்கு நடுவே பையன்கள் படுத்திருந்ததாக எண்ணிக்கொண்டு பத்து நிமிடங்கள் குழம்பிய பிறகே எனக்கு உண்மை விளங்கிற்று. சாணச் சூட்டில் விதை முளைக்க வைக்கும் மேடை ‘சூடான படுக்கை’ ஆகிவிட்டது. நாற்றங்கால், ஒவ்வோர் உரையிலும் தவறாமல் ‘மழலையர் பள்ளி’ என்றே வருகிறது. அதனால் தோட்டக்கலைக் கல்லூரிப் பட்டதாரிகள் பலர் மழலையர் பள்ளி தொடங்கிப் பத்தாயிரம் ரோஜாக்களை விற்றார்கள் என்பது போன்ற வாக்கியங்களைப் படிக்க நேர்ந்தது. ஆங்கிலம் காதால் பின்தொடரத் தெரிந்தவர்கள் துணைத் தலைப்பை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. தெரியாதவர்கள் இத்தொடரை வாங்குவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் உரைகள் கென்ட் மாவட்டத்தில் ஹெக்ஸ்டேபிள் என்னும் ஊரில் 1889இல் தொடங்கப்பட்ட சுவான்லி தோட்டக்கலைக் கல்லூரியைப் பற்றியவை. அது ஆண்களுக்காகத் திறக்கப்பட்ட தனியார் கல்லூரி. 1891இல் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே பெண்களின் எண்ணிக்கை ஆண்களை மிஞ்சியது. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் அது பெண்கள் மட்டும் பயிலும் கல்லூரியாகவே ஆயிற்று. இந்த மாற்றத்தைச் சீர்திருத்தவாதிகளின் நல்லெண்ணத்தால் மட்டும் விளக்கிவிட்டுப் போகாமல், பணம் எங்கிருந்து வந்தது என்று உரையாளர் தேடிப் போவது எனக்குப் பிடித்திருந்தது. 1889இல் பிரிட்டனில் தொழில்நுட்பக் கல்விச் சட்டம் வந்தது. மறு ஆண்டு, மதுவின் மீது விதித்த கூடுதல் வரியைக் கொண்டு, உரிமம் இழக்கும் மதுக்கடைக்காரர்களுக்கு இழப்பீடு தருவதாக அரசு திட்டமிட்டது; மதுவிலக்கு இயக்கத்தினர் கொதித்தெழுந்ததால் அந்தப் பணம் மாவட்ட மன்றங்களின் கைக்குப் போய், தொழிற்கல்விக்குச் செலவிடப்பட்டது. ‘விஸ்கிப் பணம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பால் கறந்து வெண்ணெய் எடுப்பதைச் சொல்லித்தரும் நடமாடும் பள்ளிகளும், தோட்டக்கலை மாணவியருக்கான உதவித்தொகைகளும் அதிலிருந்து பிறந்தன. குடிகாரர்களின் கோப்பையிலிருந்து வழிந்த காசில் பெண்கள் கிளை நறுக்கும் கவாத்துக் கற்றார்கள் என்ற செய்தியை உரையாளர் சிறிதும் சிரிக்காமல் சொல்லிக் கடந்து போகிறார். நான் நிறுத்திவைத்து இன்னொரு முறை கேட்டேன்.

அதே மூன்றாம் உரையில் வரும் ஆலிவ் ஹாரிசனின் கதை, தேர்வு என்ற கதவு எவ்வளவு தூரம் திறந்தது என்பதற்கு அளவுகோல். சுவான்லி மாணவியான அவர் 1898இல் அரசத் தோட்டக்கலைச் சங்கம் நடத்திய தேர்வில் முதலிடம் பெற்றார். முதலிடம் பெறுபவருக்குச் சிஸ்விக்கில் இருந்த சங்கத்தின் தோட்டத்தில் பயிற்சி பெறும் வாய்ப்புப் பரிசாக உண்டு. பரிசுக்கு உரியவர் பெண் என்று தெரிந்ததும் அந்த இடத்தைத் தர மறுத்துவிட்டார்கள். தேர்வுத்தாளில் பெண்ணுக்கு இடம் உண்டு, தோட்டத்தில் இல்லை என்ற இந்த நிலையை, முதல் உரையில் பார்த்த அந்தத் தங்கும் அறையோடு உரையாளர் இணைத்துக் காட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவர் அதைத் தனிமனித அநீதியாக மட்டும் சொல்லி, இரங்கல் தொனியில் முடித்துவிடுகிறார்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1896இல், கியூ தோட்டத்தின் இயக்குநர் வில்லியம் திசெல்டன்-டயர் சுவான்லியில் பயின்ற பெண்களை வேலைக்கு எடுத்திருந்தார். ஆன்னி கல்வின், ஆலிஸ் ஹட்சின்ஸ் ஆகியோர் முதலில் வந்தவர்கள். ஆனால் ஆண் தோட்டக்காரர்கள் அணிவதைப் போன்ற உடையையே அணிய வேண்டும் என்பது நிபந்தனை: முழங்காலுக்குக் கீழே கட்டிய காற்சட்டை, கம்பளிக் காலுறை, மேற்சட்டை, முன்விளிம்பு நீண்ட தொப்பி. கோப்பில் இணைத்திருக்கும் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அவர்கள் நிற்கும் தோரணையில் வெட்கம் தெரியவில்லை. வேலைக்கு நடுவே படம் எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்களே என்ற சலிப்புத்தான் தெரிகிறது. செய்தித்தாள்கள் அந்தக் காற்சட்டையைப் பற்றி எழுதி எழுதி, மதிலுக்கு மேலே எட்டிப் பார்ப்பதற்காகவே மக்கள் பேருந்தின் மேல்தளத்தில் ஏறி வந்ததாகக் கேலிப்பாட்டுக் கட்டும் அளவுக்குக் கூட்டம் சேர்த்தன. உடையைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு உரையாளர் இருபது நிமிடங்கள் ஒதுக்கியிருப்பது எனக்கு ஏற்பில்லை. செய்தித்தாள்கள் செய்த தவற்றையே நூற்றிருபது ஆண்டுகள் கழித்து அவரும் செய்கிறார். அந்தப் பெண்கள் கியூவில் எந்தக் கண்ணாடிக் குடிலில், என்ன வேலை பார்த்தார்கள் என்பது இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது.

நான்காம் உரை சுவான்லியின் முதல்வராக 1902இல் பொறுப்பேற்ற ஃபேனி வில்கின்சனைப் பற்றியது. ஆண்களுக்கென இருந்த கிறிஸ்டல் பேலஸ் நிலவடிவமைப்புப் பள்ளியில் இடம்பிடித்துப் பதினெட்டு மாதங்கள் பயின்ற அவர், லண்டனில் மாநகரப் பொதுத் தோட்டங்கள் சங்கத்துக்காக, ஏழை மக்கள் நெருக்கியடித்து வாழும் பகுதிகளில் பூங்காக்களும் விளையாட்டிடங்களும் அமைத்தவர். தன் வேலைக்கு உரிய ஊதியத்தைக் கேட்டு வாங்கியவர் என்பது இங்கே முக்கியம். சீமாட்டிகள் தோட்டம் போடுவதை அழகான பொழுதுபோக்காக ஏற்றுக்கொண்ட சமூகத்துக்கு, அதே வேலைக்கு ஒரு பெண் கூலி கேட்பதுதான் உறுத்தியது. பின்னாளில் சுவான்லியில் பயின்ற பிரெண்டா கால்வினும் சில்வியா குரோவும் நிலவடிவமைப்பாளர்களாகப் பெயர் பெற்று, அத்துறையின் தொழிற்கழகத்துக்கு முறையே 1951இலும் 1957இலும் தலைவர்களானார்கள். அந்தத் தொடர்ச்சியைக் காட்டும் வரைபடம் கோப்பில் உள்ள பொருட்களிலேயே மிகப் பயனுள்ளது.

ஐந்தாம் உரை வாரிக் சீமாட்டி டெய்சி கிரெவில் தொடங்கிய விடுதியைப் பற்றிப் பேசுகிறது. 1898இல் ரெடிங் நகரில் மாணவியர் விடுதியாகத் தொடங்கி, 1903இல் வாரிக்ஷயரின் ஸ்டட்லி மாளிகைக்கு மாறிய கல்லூரி இது. 1851ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதலே, ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 5 லட்சம் பேர் மிகுதி, அவர்களில் திருமணமாகாத நடுத்தர வர்க்கப் பெண்களை என்ன செய்வது என்று பிரிட்டிஷ் சமூகம் கையைப் பிசைந்துகொண்டிருந்தது. ஆசிரியைப் பணியைத் தவிர மரியாதையான வேலை இல்லாத அந்தப் பெண்களுக்குச் சிறு பண்ணை, கோழி, தேனீ, பழத்தோட்டம் என்று ஒரு பிழைப்பை அமைத்துத் தருவதே சீமாட்டியின் திட்டம். 1908 முதல் 1924 வரை அதன் பொறுப்பில் இருந்த மருத்துவர் லில்லியஸ் ஹாமில்டன், அதற்கு முன் கல்கத்தாவில் மருத்துவம் பார்த்து, பிறகு காபூலில் அமீர் அப்துர் ரஹ்மான் கானின் அரண்மனை மருத்துவராக இருந்தவர். இப்படி ஒருவர் இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் மாணவியரைக் கோழிக்கூண்டு சுத்தம் செய்ய அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதே தனி நாவலுக்குரிய செய்தி. உரையாளரும் அதை ரசித்துச் சொல்கிறார்.

ஆனால் இதே உரையில்தான், தொடர் முழுவதிலும் என்னை உறுத்திய கேள்வி முதன்முதலாகத் தட்டுப்படுகிறது. இந்தக் கல்லூரிகளில் சேர்ந்தவர்கள் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பெண்கள். நாட்கூலிக்குக் களை எடுத்த பெண்ணின் மகள் ஸ்டட்லியில் படித்தாளா? மாவட்ட மன்ற உதவித்தொகை அவளுக்கு எட்டியதா? சீமாட்டி டெய்சியே சில ஆண்டுகளில் சோசலிசக் கட்சியில் சேர்ந்து மேடையேறியவர் என்பதைச் சொல்லும் உரையாளர், அவர் தொடங்கிய கல்லூரி யாருக்காக நடந்தது என்ற கேள்வியை எழுப்பாமலே நகர்கிறார். முதல் உரையில் களை எடுக்கும் பெண்களை அத்தனை அக்கறையோடு அறிமுகப்படுத்திவிட்டு, பிறகு பதினொரு உரைகளிலும் அவர்களை மறந்துவிடுவது இத்தொடரின் பெரிய குறை.

ஆறாம், ஏழாம் உரைகளை விரைவாகக் கடந்துவிடலாம். பெர்லின் அருகே ஃப்ரீடெனாவில் 1894இல் பெண்களுக்கான தோட்டக்கலைப் பள்ளி தொடங்கிய எல்விரா காஸ்ட்னர், அமெரிக்காவில் பயின்ற பல் மருத்துவர்; 1897இல் நீடர்-ஒஃப்லைடன் என்னும் ஊரில் நாட்டுப்புறச் சூழலில் பெண்களுக்கான வீட்டுப் பொருளாதாரப் பள்ளியைத் தொடங்கியவர் இடா ஃபான் கோர்ட்ஸ்ஃப்லைஷ்; வியன்னாவின் கிரின்ஸிங்கில் பெண்களுக்கான உயர்நிலைத் தோட்டக்கலைப் பள்ளி கண்டவர் யெல்லா ஹெர்ட்ஸ்கா; அன்றைய பாலஸ்தீனத்தின் கின்னெரெட் ஏரிக்கரையில் 1911இல் இளம்பெண்களுக்கான பயிற்சிப் பண்ணையை நடத்தியவர் ஹன்னா மைசல். பெயர், ஊர், ஆண்டு, படம், அடுத்தவர் என்றே இந்த இரண்டு உரைகளும் போகின்றன. ஒரு பள்ளியில் காலை எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எதை விற்றுச் செலவை ஈடுகட்டினார்கள் என்று ஒன்றையாவது நின்று பார்த்திருக்கலாம்.

எட்டாம் உரை, பால்பண்ணையைப் பற்றியது, தனியாக நிற்கிறது. மற்ற உரைகளில் பெண்கள் ஒரு தொழிலுக்குள் நுழையப் போராடுகிறார்கள். இங்கே பெண்கள் கையில் ஏற்கெனவே இருந்த ஒரு தொழில் கைநழுவிப் போகிறது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஏடு எடுப்பதும், கடைவதும், பாலாடைக்கட்டி செய்வதும் பெண்களின் வேலை. அந்த அறிவு மாமியாரிடமிருந்து மருமகளுக்கு, பண்ணைக்காரியிடமிருந்து வேலைக்காரிக்குப் போயிற்று. டென்மார்க்கில் ஹன்னே நீல்சன் என்ற பண்ணைக்காரி வெளிநாடுகளுக்குப் பயணம் செய்து பாலாடைக்கட்டி செய்யும் முறைகளைக் கற்று வந்து, தன் பண்ணையில் இளம்பெண்களைப் பயிற்றுவித்தார். அந்தப் பண்ணையின் பெயரில்தான் இன்றைய ஹவார்ட்டி பாலாடைக்கட்டி வழங்குகிறது. அயர்லாந்தில் கார்க் நகருக்கு அருகே இருந்த மன்ஸ்டர் பால்பண்ணைப் பள்ளியில் 1880 முதல் பெண்கள் வெண்ணெய்த் தொழில் பயின்றார்கள்.

ஏடு பிரிக்கும் வேலையை உரையாளர் நேரில் செய்து காட்டுகிறார். அகன்ற தட்டையான பாத்திரத்தில் பாலை ஊற்றி, குளிர்ந்த அறையில் இரவு முழுவதும் விட்டுவைத்தால், கொழுப்பு மெல்ல மேலே வந்து தோல்போலப் படியும். அதைத் துளைகள் உள்ள தட்டைக் கரண்டியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுக்கி, கிழியாமல் தூக்க வேண்டும். கரண்டியை எந்தக் கோணத்தில் சாய்ப்பது, பால் எப்போது புளிப்பின் விளிம்புக்கு வந்தது என்பதெல்லாம் கையும் மூக்கும் அறிந்தவை. 1878இல் ஸ்வீடன் பொறியாளர் குஸ்டாஃப் டி லாவால் சுழற்சி விசையால் ஏட்டைத் தொடர்ந்து பிரிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். இரவு முழுவதும் காத்திருக்க வேண்டிய வேலை, பால் ஊற்றிய கையோடு முடிந்தது. 1882இல் டென்மார்க்கின் யெடிங் ஊரில் கூட்டுறவுப் பால்பண்ணை தோன்றியது. அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் பால் எல்லாம் ஒரே கட்டடத்துக்குப் போயிற்று. நீராவி இயந்திரத்தை ஓட்டுபவர், கணக்கு எழுதுபவர், மேலாளர் என்று அங்கே உருவான பதவிகளில் ஆண்கள் அமர்ந்தார்கள். பால்பண்ணைப் பள்ளிகள் பெண்களுக்கு வெண்ணெய் எடுக்க அறிவியல் முறையில் கற்றுத்தந்த அதே ஆண்டுகளில், வெண்ணெய் பெண்களின் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. கல்வி வந்ததாலேயே நிலை உயர்ந்தது என்று எளிதாக எழுதிவிட முடியாத வரலாறு இது. உரையாளர் தன் குரலில் வருத்தம் சேர்க்காமல், கரண்டியைக் கழுவி வைத்தபடி இதைச் சொல்லி முடிக்கிறார்.

செய்முறைப் பயிற்சி இதற்கு அடுத்து வருகிறது. அந்தக் காலத் தோட்டக்கலை மாணவியர் கற்ற திறன்களில் ஒன்றைக் கற்பவரும் செய்து பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. ரோஜாவில் மொட்டுக்கட்டுவதை நான் தேர்ந்தெடுத்தேன். வேர்ச்செடியின் தண்டில், மண்ணுக்குச் சற்று மேலே, ஆங்கில டி எழுத்தைப் போலக் குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாகப் பட்டையை மட்டும் கீறி, கத்தியின் எலும்புப் பிடியால் பட்டையின் இரு மடல்களையும் விலக்க வேண்டும். வேண்டிய வகை ரோஜாவின் குச்சியிலிருந்து ஒரு மொட்டைக் கேடய வடிவில் சீவி எடுத்து, உட்புறம் ஒட்டியிருக்கும் மரச்சீவலை நகத்தால் உரித்து, அந்த மடல்களுக்குள் செருகிக் கட்டிவிட வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். நான் எட்டுக் கட்டினேன். முதல் மூன்றில் மரச்சீவலை உரிக்கும்போது மொட்டின் உட்கருவும் சேர்ந்து பிய்ந்து, வெறும் ஓட்டைதான் மிஞ்சியது. மற்ற ஐந்தில் இரண்டு துளிர்த்தன. காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் கட்டைவிரலுக்கு எவ்வளவு அழுத்தம் தெரிய வேண்டும் என்பது திரையில் வருவதில்லை. அருகில் நின்று ‘இன்னும் மெதுவாக’ என்று சொல்ல ஒரு கை தேர்ந்தவர் இருந்திருந்தால் அந்த மூன்றும் பிழைத்திருக்கும். அந்தக் கை தேர்ந்தவரின் அருகாமையைத்தான் மதிலோர அறை பெண்களுக்கு மறுத்தது. இப்பயிற்சியை வைத்ததற்காக நடத்துபவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் செய்து அனுப்பிய படத்துக்கு, ஒரு மாதம் கழித்து, ‘அருமையான முயற்சி’ என்ற ஒற்றை வரி மட்டும் பதிலாக வந்தது. மூன்றும் ஏன் செத்தன என்று நான் கேட்டிருந்ததற்கு அதில் விடை இல்லை.

ஒன்பதாம், பத்தாம் உரைகள் அமெரிக்காவுக்கு. 1901இல் மாசசூசெட்ஸின் குரோட்டனில் ஜூடித் லோ தொடங்கிய லோதார்ப் பள்ளி, 1910இல் பென்சில்வேனியாவின் ஆம்ப்ளரில் ஜேன் பவுன் ஹெய்ன்ஸ் நிறுவிய பெண்களுக்கான தோட்டக்கலைப் பள்ளி ஆகியவை விரிவாக வருகின்றன. ஹெய்ன்ஸ் ஐரோப்பாவுக்குச் சென்று அங்குள்ள பெண்கள் கல்லூரிகளைப் பார்த்துவிட்டு வந்தே ஆம்ப்ளரைத் தொடங்கினார் என்பதால், முந்தைய உரைகளோடு தொடர்பு தானாக அமைகிறது. 1900இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மார்த்தா வான் ரென்சிலேர் உழவர் மனைவியருக்காகத் தொடங்கிய அஞ்சல்வழி வாசிப்புப் பாடமும், 1910இல் தென் கரோலினாவில் மரி குரோமர் சிறுமியருக்காக அமைத்த தக்காளிச் சங்கமும் தொடரிலேயே மிக உயிருள்ள பகுதிகளுள் சேரும். ஒவ்வொரு சிறுமிக்கும் ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு நிலம். அதில் அவளே தக்காளி பயிரிட்டு, டப்பாவில் அடைத்து, விற்று, கணக்கெழுத வேண்டும். கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுக்கும் கல்வி போய்ச் சேர்ந்த வழி இதுதான் என்பதால், ஐந்தாம் உரையில் எழுந்த என் கேள்விக்கு அரைப் பதிலாவது இங்கே கிடைத்தது.

இங்கே ஒரு பெரிய விடுபடல் உண்டு. 1899இல் ஐரோப்பா சென்ற அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன், சுவான்லிக் கல்லூரியை நேரில் பார்த்தார். அடிமை முறையிலிருந்து விடுபட்ட சமூகத்துக்காக அலபாமாவில் தாம் நடத்திய டஸ்கீகி நிறுவனத்தில், அதன்பின் பெண்களுக்கும் பால்பண்ணை, கோழி வளர்ப்பு, தோட்ட வேலை ஆகியவற்றைப் பாடமாக்கினார். சீமான் வீட்டுப் பெண்களுக்காக வளர்ந்த ஒரு கல்லூரி, பருத்திக் காட்டில் கொத்திக் களைத்தவர்களின் மகள்களுக்கு முன்மாதிரி ஆன இந்தப் பயணத்தைவிட இத்தொடரின் பொருளுக்கு நெருக்கமான நிகழ்ச்சி எது? அந்தப் பெண்களின் தாய்மார்களுக்கு வயல் வேலை அடிமைத்தனத்தின் நினைவு. அதையே கல்வி என்று சொல்லி மகள்களிடம் கொடுத்தபோது அந்த வீடுகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஒரு முழு உரையே செய்திருக்கலாம். டஸ்கீகியின் பெயர் பத்தாம் உரையில் ஒரே ஒரு முறை, அதுவும் வேறு எதையோ சொல்லும் வழியில், வந்து போகிறது.

இறுதி இரண்டு உரைகளும் அவசரமாக முடிக்கப்பட்டவை. போர்க்காலத்தில் பண்ணை வேலைக்காகப் பிரிட்டனில் 1917இலும், மீண்டும் 1939இலும் அமைக்கப்பட்ட பெண்கள் நிலப்படை, 1943இல் எண்பதாயிரத்தைத் தாண்டிய அதன் எண்ணிக்கை, 1950இல் அதன் கலைப்பு ஆகியவை போர்க்காலச் சுவரொட்டிகளின் அணிவகுப்பாகவே போகின்றன. இரண்டு ஆண்டுகள் பயின்று பட்டயம் வாங்கியவர்களுக்கும், சில வாரப் பயிற்சியோடு வயலுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் இடையே என்ன உறவு இருந்தது என்பதை அறிய விரும்பினேன், கிடைக்கவில்லை. 1932இல் ஆக்ஸ்ஃபோர்டு அருகே வாட்டர்பெரிக்கு வந்து பியாட்ரிஸ் ஹாவர்கல் நடத்திய பள்ளிக்கு மட்டும் சற்று நேரம் தருகிறார்கள். அங்கே பயின்ற பமீலா ஷ்வெர்டும் சிபில் க்ராய்ட்ஸ்பெர்கரும் 1959இல் சிஸிங்ஹர்ஸ்ட் தோட்டத்தின் இணைத் தலைமைத் தோட்டக்காரர்களாகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கட்டிக்காத்தார்கள். தலைமைத் தோட்டக்காரர் என்ற பதவி, முதல் உரையில் பையன்கள் ஏறத் தொடங்கிய ஏணியின் கடைசிப் படி என்பது கேட்பவர் நினைவுக்கு வந்தே தீரும்.

பிறகு பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. 1944இல் குண்டுவீச்சில் சிதைந்த சுவான்லி, மறு ஆண்டு கென்டிலேயே இருந்த ‘வை’ வேளாண்மைக் கல்லூரியோடு இணைந்தது. ஆம்ப்ளர் 1958இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. ஸ்டட்லி 1969இலும் வாட்டர்பெரி 1971இலும் மூடப்பட்டன. பொதுக் கல்லூரிகள் பெண்களைச் சேர்த்துக்கொண்டதால் இவற்றின் தேவை முடிந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு அறிவித்துத் தொடர் நிறைவடைகிறது. எனக்கு அந்த மகிழ்ச்சி வரவில்லை. பெண்களே முதல்வராக, பெண்களே கவாத்து ஆசிரியராக, பெண்களே பண்ணை மேலாளராக இருந்த நிறுவனங்கள் அவை. இணைப்புக்குப் பிறகு அந்த நாற்காலிகளில் யார் அமர்ந்தார்கள் என்று ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். பால்பண்ணை உரையில் அதே கேள்வியை அத்தனை கூர்மையாகக் கேட்டவர் இங்கே கேட்காமல் விட்டது வியப்பு.

சேவையின் மற்ற கூறுகளைப் பற்றிச் சுருக்கமாக. காணொளியும் ஒலியும் தெளிவாக உள்ளன. கைப்பேசியிலும் தடையின்றி ஓடுகின்றன. கோப்புகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. வினாத்தாள்கள் ஆண்டையும் பெயரையும் பொருத்தச் சொல்பவை. அவற்றில் தோற்பதும் கடினம், எதையேனும் கற்பதும் கடினம். முடித்ததற்கான சான்றிதழ் உடனே வந்துவிட்டது, என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு. உரைகளைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். முன்பே தெரிந்திருந்தால் ஒன்று முதல் ஐந்து வரையும், எட்டும், தக்காளிச் சங்கத்துக்காகப் பத்தும் மட்டும் வாங்கியிருப்பேன். துணைத் தலைப்புப் பிழைகளைப் பட்டியலிட்டு இருமுறை எழுதினேன். முதல் கடிதத்துக்கு நன்றி தெரிவித்தார்கள். இரண்டாவதுக்குப் பதிலாக, திருத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். நேற்று மறுபடியும் திறந்து பார்த்தேன்: பையன்கள் பாத்தியை விட்டு எழுந்து ஓர் ‘ஓய்வு இல்லத்தில்’ உறங்குகிறார்கள், ரோஜாக்கள் இன்னும் மழலையர் பள்ளியில்தான் வளர்கின்றன.